அந்தப் பாட்டின் முதல் நாற்பது விநாடி

அந்தப் பாட்டு மௌனத்தில் தொடங்குகிறது என்று எட்டு வருஷம் நம்பினேன். நம்பிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை, ஊரெல்லாம் விளக்கமும் சொன்னேன்.

படத்தின் பேரை விடுங்கள். விலங்குகளே பேசிப் பாடுகிற கார்ட்டூன் படம். பிள்ளை வளர்த்த வீடுகளில் அதன் முதல் பாட்டு ஓடாத வீடு இருக்காது. ஏரிமேல் பனி, கிழக்கே வெளுப்பு, தண்ணீரை ஒட்டி ஒற்றைக் கொக்கு பறக்கும். அப்புறம் திடுமென்று முரசு விழும், காடே எழுந்து நடக்கும். என் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது கம்பெனியில் ஒருவரிடமிருந்து பென்டிரைவில் வாங்கி வந்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அதுதான் சட்னி.

கொக்கு பறக்கும் இடம் வந்ததும் நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். டீக்கடையில் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவே வைத்திருந்தேன். "நம்மாளுங்க எடுத்தா விடியறதுக்கே நாதஸ்வரம் வெச்சிருப்பாங்க. அவன் பாருங்க, கம்முனு உட்டுட்டான். முரசு விழற வரைக்கும் ஒரு சத்தம் கெடையாது. அதுதானுங்க டைரக்டரு."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் படம் தெரியாது. தெரிந்தவர்கள், இவன் எப்போதும் ஏதாவது கோணங்கித்தனமாகப் பேசுகிறவன்தானே என்று விட்டுவிட்டார்கள். வீட்டிலோ, நான் கையைத் தூக்கினால் "யாரும் பேசாதீங்க, கேளுங்க" என்று அர்த்தம் என்று மகள் எடுத்துக்கொண்டாள். உடனே வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்காருவாள். அவளைப் பார்த்து என் மனைவியும் அடுப்படியில் பாத்திரத்தை மெதுவாக வைப்பாள். அந்த நாற்பது விநாடியும் எங்கள் ஊட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆக, மௌனம்தான் என்று எனக்கு வாராவாரம் உறுதியானது.

நான் நிட்டிங்கில் ஃபிட்டர். நூலைத் துணியாக்குகிற வட்ட மிஷின்கள் பதினாலு, ஒரே தகரக் கூரையின் கீழே. இருபத்தாறு வருஷம் அவற்றின் நடுவில் நின்றிருக்கிறேன். ஒரு ஊசி உடைந்தால் துணியில் நெடுக்க ஒரு கோடு விழும். கோடு கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே மிஷின் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குப் பேர். அந்தப் பேரை நானும் மறுத்ததில்லை. இப்போது யோசித்தால், நான் எதையும் காதால் கண்டுபிடிக்கவில்லை. மிஷின்மேல் உள்ளங்கையை வைப்பேன். கைதான் சொன்னது.

அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினால் பக்கத்து ஆளுக்கே எட்டாது. உதட்டைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம். விரலை மடக்கிக் காட்டினால் ஊசி போச்சு. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ. வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பானை வரைந்தால் முதலாளி வருகிறார். பீகாரிலிருந்து வந்த பையன்கள் தமிழ் கற்கும் முன்னால் அந்தப் பானையைக் கற்றுக்கொள்வார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட் வருகிற அன்று ஆளுக்கு ஒரு ஜோடி ஆரஞ்சு நிறப் பஞ்சு கொடுப்பார்கள், காதில் வைத்துக்கொள்ள. சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதை வைத்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். "இது என்னடா, செத்த ஊட்டுக்குள்ள உக்காந்த மாதிரி" என்று நானே முதல் ஆளாகப் பிடுங்கிப் போடுவேன். இதையும் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன்.

நல்லூரில் எங்கள் வீதியில் முக்கால்வாசிப் பேர் இப்படிப்பட்ட கம்பெனி ஆட்கள். மடத்துக்குளத்திலிருந்து வந்த என் மச்சினன் வாசலில் நின்று கேட்டான்: "ஏனுங்க மாமா, எல்லா ஊட்லயும் சண்டையாட்ட இருக்குது?"

"சண்டை இல்லீங்க மாப்ள. நியூஸ் பாக்கறாங்க."

எல்லோரும் டிவியை அலறவிடுகிற வீதியில் ஒருவனுடைய காது போனால் யாருக்குத் தெரியும்? எல்லோரும் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசுகிற ஊரில் நான் எதையும் தவறவிடவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால்தான் தவறும். அதற்கு என் மனைவி வேறு காரணம் வைத்திருந்தாள்.

"எத்தன தடவ கூப்புடறதுங்க?"

"கேக்கல."

"நாங் கூப்புட்டா மட்டும் உங்களுக்கு என்னைக்குங்க கேட்டிருக்குது?"

கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் இருக்கிற வியாதி என்று இரண்டு பேரும் முடிவுகட்டிவிட்டோம்.

போன வருஷம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மகளுடைய வகுப்புக்கு அந்தப் படத்தின் முதல் பாட்டு விழுந்தது. முப்பது பிள்ளைகள் விலங்காக வருவார்கள். பாட்டுக்கு ஆரம்பத்தில் ஒரு தனிக்குரல் வேண்டும், அது என் மகள். மைக் கிடையாது. திரைக்குப் பின்னாலிருந்து, தூரத்தில் யாரோ பாடுகிற மாதிரி மெல்லிசாக வரவேண்டும் என்று பாட்டு மிஸ் சொல்லியிருந்தாராம். விளக்கெல்லாம் அணைந்திருக்கும். அவள் முடித்ததும் ஸ்பீக்கரில் முரசு, திரை திறக்கும்.

ஊட்டில் என் முன்னால் நின்று பாடிக் காட்டினாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது, ஏதோ இழை மாதிரி காதில் பட்டது.

"நல்லாருக்குது கண்ணு. இது எந்த எடம்?"

"ஆரம்பம்ப்பா."

"ஆரம்பத்துல எங்க பாட்டு? மிஸ்ஸு புதுசா சேத்துட்டாங்களாட்ட."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல, அவளும் சிரித்தாள். நான் எப்போதும் சிரிக்கவைக்கிறவன். அன்றைக்கு எதற்குச் சிரித்தார்கள் என்று விளங்காமலே நானும் கூடச் சிரித்துவைத்தேன். கோமாளியாக இருப்பதில் இது ஒரு வசதி. தெரியாததைக் கேட்டாலும் ஜோக் என்று போய்விடும்.

அதற்கு முந்தின வருஷம் அவள் மேடையில் ஒரு பாட்டுக்கு நடுவே வரி மறந்து நின்றுவிட்டாள். சபையே பார்க்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அதற்குப் பிறகு பத்து நாள் பள்ளிக்கூடம் போக அழுதாள். இந்தத் தடவை மிஸ் கூப்பிட்டதும் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். விழாவுக்கு முந்தின நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் மறுபடியும் நின்னுட்டேன்னா?"

"நிக்க மாட்டே."

"நின்னுட்டேன்னா என்னப்பா பண்ணுவீங்க?"

"மெயினை எறக்கிப்போடுவன். கரண்ட் போச்சுன்னு எல்லாரும் ஈபிக்காரனத் திட்டுவாங்க. உன்னை யாரு கேக்கப்போறா?"

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான். நிட்டிங்காரனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. எங்கே என்ன தப்பானாலும், என்ன ஏது என்று யோசிக்கும் முன் கை ஸ்விட்சுக்குப் போய்விடும். ஒரு விநாடி தாமதித்தால் பத்து மீட்டர் துணி பாழ்.

விழா அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். மத்தியானம் மூன்று மணி. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். தலைக்குமேல் வரிசையாக ஃபேன், பக்கவாட்டில் ஆளுயர ஏர்கூலர்கள். நாங்கள் மூன்றாவது வரிசையில், ஒரு கூலருக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தோம். குளுகுளுவென்று இருக்கிறதே என்று மனைவி சந்தோஷப்பட்டாள். எனக்கு வலதுகைப் பக்கம் மேடைக்கு ஏறும் படி, படிக்கு அருகில் சுவரில் மண்டபத்தின் ஸ்விட்ச் போர்டு. போர்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. வேறு எண்ணம் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

விளக்கு அணைந்தது. திரை மூடியே இருந்தது.

நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

முதல் ஐந்து விநாடி, மூச்சை இழுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த ஐந்தில், மிஸ் இன்னும் சைகை காட்டவில்லை போல என்று சமாதானம் செய்துகொண்டேன். அதற்குமேல் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. கூலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். திரைக்குப் பின்னால் அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது, முந்தின வருஷத்து அதே கவுன், அதே கண்.

மனைவி பக்கம் திரும்பி, "நின்னுட்டாளாட்ட இருக்குது" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்தாள்.

பாவம், அவமானத்தை வெளியே காட்டாமல் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். போன் வெளிச்சங்களில் சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. நாலைந்து பேர் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை வாயடைத்து நிற்பதையா படம் எடுப்பார்கள், இவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானா என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்காமல் அழுகிறார் என்று நினைத்தேன்.

எழுந்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு நாலு எட்டில் படியருகே போய்விட்டேன். போர்டைத் திறந்து மெயினை இறக்கினேன்.

ஃபேன்கள் மெல்ல நின்றன. கூலர்கள் நின்றன. மண்டபம் மொத்தமும் அடங்கியது.

அப்போது கேட்டது. திரைக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், மெல்லிசாக ஒரு குரல். மேலே ஏறி ஒரு இடத்தில் நின்று நடுங்கியது. இப்படி ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. யார் பாடுகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? அதற்குள் பின்னாலிருந்து "கரண்ட் போச்சு, கரண்ட் போச்சு" என்று பிள்ளைகள் கத்த, நாற்காலிகள் இழுபட, அந்தக் குரல் நின்றுவிட்டது.

மண்டபத்துக்காரர் டார்ச்சோடு ஓடிவந்தார். என் கை இன்னும் மெயின்மேல்தான் இருந்தது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"கரண்ட் போயிருச்சுங்க" என்றேன். இப்படி ஒரு பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமே வரவில்லை, அந்த நிமிஷத்தில்.

அவர் மெயினை ஏற்றினார். ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று நிகழ்ச்சியை முரசிலிருந்து தொடங்கிவிட்டார்கள். திரை திறந்தது. யானையும் மானும் கொக்கும் வந்தன. மகள் வரவில்லை. அவள் பங்கு திரைக்குப் பின்னால் மட்டும்தான்.

திரும்பும்போது மூவரும் ஒரே வண்டியில். வழக்கமாக அவள் நடுவில் உட்கார்ந்து என் முதுகில் விரலால் எழுதுவாள், நான் என்ன எழுத்து என்று சொல்லவேண்டும். அன்று ஒன்றும் எழுதவில்லை. ஊட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"ஏம்ப்பா மெயினை எறக்குனீங்க?"

"நீ நின்னுட்டயேன்னு."

"நான் பாடிட்டுத்தான இருந்தேன்."

"மைக் இல்லாம அவ்வளவு தூரம் யாருக்கும் கேக்காதுல்ல கண்ணு."

"எல்லாருக்கும் கேட்டுச்சுங்க," என்றாள் மனைவி. "எனக்குக் கேட்டுச்சு. கடைசி வரிசையில எங்கூடக் கம்பெனியில செக்கிங் பண்ற அக்கா உக்காந்திருந்தாங்க. அவங்களுக்குக் கேட்டுச்சு."

நான் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். கூலர்மேல் பழி போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மகள் என் முகத்துக்கு நேராக வந்து, எப்போதும் போல வாயை நன்றாகத் திறந்து கேட்டாள். "அப்பா, வெளையாட்டு இல்லாம சொல்லுங்க. நிஜமாவே கேக்கலயா?"

விளையாட்டு இல்லாமல் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் கம்பெனிக்குப் பக்கத்து டீக்கடையில் என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு ஃபிட்டரை உட்கார வைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எனக்கு மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். போனில் அந்தப் பாட்டைப் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணாச்சி, கேளுங்க. ஆரம்பத்துல என்ன வருது?"

தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்டார். கொக்கு பறந்தது.

"ஒண்ணும் வரலியேவே. இனிமேத்தான ஆரம்பிக்கும்?"

எனக்கு உயிர் வந்தது. "அதத்தான் அண்ணாச்சி நானும் எட்டு வருஷமாச் சொல்றேன்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அண்ணாச்சியும் சிரித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் ஆறடி தள்ளி நின்று எங்களைப் பார்த்தார். அவர் சொன்னது எனக்கு உதட்டிலிருந்து தெரிந்தது.

"பொம்பளப் புள்ள பாடுதேங்க. என்ன கொரலு."

அண்ணாச்சியும் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கும் உதடு படிக்கத் தெரியுமே. போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார். முரசு வந்ததும் மேஜையில் வைத்துவிட்டு, "வேலைக்கு நேரமாச்சு" என்று எழுந்தார்.

மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்கவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண். ஒவ்வொரு சத்தம் அனுப்பும்போதும் அவருடைய தோள் லேசாக அசைவதைக் கண்டுபிடித்துவிட்டேன். தோள் அசைந்தால் அமுக்கு. கேட்டதா கேட்கவில்லையா என்பது வேறு விஷயம். பத்துப் பன்னிரண்டு தடவை சரியாக அமுக்கினேன். பாஸாகிவிடுவேன் என்று தைரியமே வந்துவிட்டது.

அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தார். "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், ஒரு ஆணி அடித்திருந்தது. அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள் போல என்று நினைத்துத் திரும்பினேன். அந்தப் பெண் இன்னும் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அவருடைய தோள் அசைந்துகொண்டிருந்தது.

காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச தூரம் படுத்துக்கிடந்து, அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. இரண்டு காதும். மெல்லிசான சத்தம், உச்சத்தில் போகிற சத்தம், இரைச்சலுக்கு நடுவே வருகிற குரல், இவை எனக்கு இல்லை என்றார்கள். நரம்பு போய்விட்டது, மாத்திரை கிடையாது, போனது வராது. காதில் மிஷின் வைத்தால் எதிரில் பேசுவது தெளியும் என்றார்கள். "அப்ப, பாட்டுங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

மிஷின் வைத்திருக்கிறேன். பேச்சு கேட்கிறது, தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி. நிட்டிங் ஹாலில் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் இப்போது ஓடுவதில்லை, நானும் போடச் சொல்வதில்லை. இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு மிஸ் மறுபடி அவளைக் கூப்பிட்டார். அவள் த்ரோபால் டீமில் பேர் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவது?

அன்றைக்கு யாரோ எடுத்த வீடியோ வகுப்பு வாட்ஸாப் குழுவில் இன்னும் இருக்கிறது. மனைவி காட்டினாள். மூடின திரை, இருட்டு. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள்தான் நேரம் பார்த்துச் சொன்னாள். விளக்கு அணைந்த இரண்டாவது விநாடியில் மகள் பாடத் தொடங்கியிருக்கிறாள். இருபத்தேழு விநாடி, தவறில்லாமல் பாடியிருக்கிறாள். இன்னும் பதிமூன்று விநாடி பாக்கி இருந்தபோது நான் மெயினை இறக்கினேன்.